பாஸ் வாசிப்பவரின் காது

வணக்கம்.

ஜாஸ் என்றதும் சாக்ஸபோன், டிரம்பெட் பற்றிய பேச்சை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் அவர்களுக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு நிற்கும் நான்கு தந்தி வாத்தியத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். டபுள் பாஸ். ஜாஸ் விமர்சனம் சறுக்கிய பல இடங்களில், விமர்சகர் பாஸைத் தனியே கழற்றி வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறார் என்பது என் கட்சி. கலைஞர்கள் ஒருவரை ஒருவர் எடைபோடும்போது அப்படிக் கேட்பதில்லை.

முதலில் ஹார்மனி, அதாவது ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் முறை. அப்படிச் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தைக் கார்டு என்பார்கள். பியானோவில் சி, ஈ, ஜி, ஏ நான்கையும் சேர்த்து அழுத்துகிறார்கள் என்று வையுங்கள். நம் கணக்கில் ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம். கீழே பாஸ் 'சி' வாசித்தால் அது சி சிக்ஸ்த் கார்டு. நிறைவான, பளிச்சென்ற ஒலி. பாஸ் 'ஏ'வுக்கு இறங்கினால் அதே நான்கு ஸ்வரங்களும் ஏ மைனர் செவன்த் ஆகிவிடும், கொஞ்சம் நிழல் விழுந்த ஒலி. பியானோக்காரர் விரலை அசைக்கவே இல்லை! மோகனத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாக வைத்துப் பாடினால் மத்தியமாவதி வருகிறதே, அந்தக் கிரக பேதத்துக்கு நெருங்கிய சங்கதி இது. பாஸ் வாசிப்பவருக்கு இந்த வாய்ப்பு ஒவ்வொரு கார்டிலும் வருகிறது.

இன்னொன்றும் செய்யலாம். ஜி செவன்த் கார்டுக்கு உயிர் அதிலுள்ள பி, எஃப் என்ற இரண்டு ஸ்வரங்கள்தான். டி ஃப்ளாட் செவன்த் கார்டிலும் அதே இரண்டும் உண்டு. அதனால் பாஸ் 'ஜி'க்குப் பதில் 'டி ஃப்ளாட்' வாசித்துவிட்டு, அரை ஸ்வரம் இறங்கி 'சி'யில் வந்து சேரலாம். மேலே சாக்ஸபோன் அதையேதான் வாசிக்கிறது. கேட்பவருக்கு மட்டும் தரை லேசாக நகர்ந்த மாதிரி இருக்கும்.

இந்த வாத்தியத்துக்கு முன்வரிசை கிடைத்ததில் பாஸ் கலைஞர் ஜிம்மி பிளாண்டனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1939ல் பியானோ கலைஞர் டியூக் எலிங்டனின் குழுவில் சேர்ந்தார். எலிங்டன் அவரோடு பியானோவும் பாஸும் மட்டுமாகவே இசைத்தட்டுகள் பதிவு செய்தார். அந்தக் காலத்தில் அது சாதாரண மரியாதை இல்லை. 1942ல் காசநோயில் பிளாண்டன் இறந்தபோது வயது 23. அதற்குப் பிறகு வந்தவர்களில் அவர் நிழல் படாதவர்கள் குறைவு.

டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் குழுவில் 1963 முதல் 1968 வரை ரான் கார்ட்டர் பாஸ் வாசித்தார். பியானோவில் ஹெர்பி ஹான்காக். ஒருமுறை மைல்ஸ் அவரிடம் 'பட்டர் நோட்ஸ்' வாசிக்காதே என்று சொன்னாராம். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும் ஸ்வரங்கள் எவை என்று யோசித்த ஹான்காக், கார்டின் மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்களை விட்டுவிட்டு வாசித்துப் பார்த்தார். ஒரு கார்டு மேஜரா மைனரா என்று நமக்குச் சொல்வது அந்த மூன்றாவது ஸ்வரம்தான். அதை எடுத்துவிட்டால், கார்டு என்னவென்று காட்டும் பாரம் பெருமளவு பாஸ் மேல் விழுகிறது. கார்ட்டர் அதைத் தாங்கிய விதத்தைக் கேட்டால்தான் அந்தக் குழுவில் மற்றவர்களுக்கு அவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று புரியும்.

பியானோ கலைஞர் பில் எவன்ஸ் வேறு வழியில் போனார். பாஸ் இருக்கிறதே என்று அவர் இடது கையில் கார்டின் ஆதார ஸ்வரத்தை விட்டுவிடுவார். அவரோடு பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோவும் அந்த ஸ்வரத்திலேயே நிற்பதில்லை, பியானோவுக்குப் பதில் பேசுவார். ஆதாரத்தைக் கேட்பவர்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்டு என்ற ஜாஸ் கிளப்பில் அவர்கள் வாசித்தது பதிவாகியிருக்கிறது. பதினோராம் நாள் லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். வயது 25.

சரி, விமர்சனத்துக்கு வருகிறேன். 1961 நவம்பரில் 'டவுன் பீட்' பத்திரிகையில் ஜான் டைனன், சாக்ஸபோன் கலைஞர்கள் ஜான் கோல்ட்ரேனும் எரிக் டால்ஃபியும் வாசிப்பதை 'ஜாஸ் எதிர்ப்பு' என்று எழுதினார். அதில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது அந்தச் சொல்லைத்தான். எனக்கு உறுத்துவது வேறொரு வரி. நல்லதொரு ரிதம் செக்‌ஷன் (பியானோ, பாஸ், டிரம்ஸ்) அந்த இரண்டு ஊது வாத்தியங்களின் பின்னால் வீணாகிறது என்கிறார். கீழே இருப்பது நல்ல இசை, மேலே இருப்பது நாசம் என்று இரண்டாக வெட்டிவிட்டார். ஆனால் அந்த ஆண்டு கோல்ட்ரேனின் பல உருப்படிகளில் கார்டுகள் அடிக்கடி மாறுவதில்லை. பாஸ் நீண்ட நேரம் ஒரே ஆதாரத்தைச் சுற்றி நிற்கும். அந்த நிலை இருப்பதால்தான் சாக்ஸபோன் அவ்வளவு தூரம் போய்வர முடிகிறது. இதில் ஒன்றை ரசித்து மற்றதை நிராகரிப்பது எப்படிச் சரியாகும்?

1962 ஏப்ரலில் அதே பத்திரிகையில் இருவரும் பதில் சொன்னார்கள். கோபம் தெறிக்கவில்லை. எழுதுவதை முழுதாகப் புரிந்துகொண்டு எழுதுவதே விமர்சகர் செய்யக்கூடிய சிறந்த காரியம் என்றார் கோல்ட்ரேன். குறை எழுதுகிறவர் கலைஞனிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லையே என்று டால்ஃபி வருந்தினார். அடுத்த ஆண்டு, பிற்காலத்தில் அமிரி பராக்கா என்று அறியப்பட்ட லீராய் ஜோன்ஸ், இன்னும் கூர்மையாக எழுதினார்: முக்கியமான ஜாஸ் கலைஞர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள், விமர்சகர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். அப்புறம் டிரம்ஸ் கலைஞர் ஆர்தர் டெய்லர், விமர்சகர்களை நம்பியிராமல் தானே சக கலைஞர்களைப் பேட்டி எடுத்து 1977ல் நூலாக்கினார்.

கலைஞர்கள் சொல்வதெல்லாம் சரியா என்று கேட்பீர்கள். இல்லை. லெனர்ட் ஃபெதர் என்ற விமர்சகர், யார் வாசிப்பது என்று சொல்லாமல் இசைத்தட்டைப் போட்டுக் கலைஞர்களின் கருத்தைக் கேட்பார். 1964ல் மைல்ஸுக்கு அவர் 'கேரவன்' என்ற உருப்படியைப் போட்டார். எலிங்டன், பாஸில் சார்லஸ் மிங்கஸ், டிரம்ஸில் மேக்ஸ் ரோச் மூவரும் 1962ல் பதிவு செய்தது. மைல்ஸுக்குப் பிடிக்கவில்லை. மிங்கஸும் ரோச்சும் சேர்ந்து வாசிக்கலாம், டியூக்கால் இவர்களோடு வாசிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மிங்கஸின் தந்தி பியானோவோடு மல்லுக்கு நிற்பதுதான் அந்தத் தட்டின் உயிர் என்பேன். ஆனாலும் மைல்ஸ் எதைக் கேட்டார் என்று பாருங்கள். மூவரும் ஒருவருக்கொருவர் பொருந்துகிறார்களா என்றுதான் கேட்டார். தீர்ப்பு தவறாக இருந்தாலும் அது முழு இசையையும் கேட்டுச் சொன்ன தீர்ப்பு. அந்த வகையில் டைனனைவிட இதை நான் மதிக்கிறேன்.

பாஸின் ஒலிக்காகவும் கலைஞர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். குடல் தந்தி போய் எஃகு தந்தி வந்தது. அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்அப் கருவியைப் பாஸில் பொருத்தி நேராக ஒலிப்பதிவு செய்யும் பழக்கமும் பரவியது. மரத்தின் ஒலி போய்விட்டதே என்று ஜாஸ் கலைஞர்களான மார்சாலிஸ் சகோதரர்களுக்கு ஆதங்கம். 1980களின் இறுதியில் டெல்ஃபியோ மார்சாலிஸ் தயாரித்த தட்டுகளின் உறையில், பாஸின் மர ஒலிக்காக அப்படி நேரடி இணைப்பு இல்லாமல் பதிவு செய்தோம் என்று அச்சிட்டே போட்டார்கள்.

இப்போது ஒரு பதிவைப் போடப் போகிறேன். டைனன் எழுதியது வெளியான அதே 1961 நவம்பரில் கோல்ட்ரேன் வில்லேஜ் வான்கார்டில் வாசித்த 'இந்தியா'. டால்ஃபியும் இருக்கிறார். ரெஜி வொர்க்மன், ஜிம்மி கேரிசன் என்று பாஸ் மட்டும் இரண்டு. முதல் தடவை ஊது வாத்தியங்களை விட்டுவிட்டு அந்த இருவரை மட்டும் பின்தொடருங்கள். யார் நிற்கிறார், யார் நகர்கிறார் என்று கவனியுங்கள். பிறகு இன்னொரு முறை போடுகிறேன், அப்போது மேலே வருவதையும் சேர்த்துக் கேட்கலாம்.