கருத்தடை அறுவைக்குப் பிறகும் கரு தங்குவது ஏன்?

நேயர்களுக்கு வணக்கம். குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால், சுற்றியிருப்பவர்களின் சந்தேகம் முதலில் அவள் மீது பாய்கிறது. அடுத்து டாக்டர் மீது. ஆபரேஷன்தான் ஆகிவிட்டதே என்று அவளும் பேசாமல் இருந்துவிடுகிறாள். மகப்பேறு மருத்துவராகிய எனக்குப் பெரும் கவலை தருவது இந்தத் தாமதம்தான்.

கர்ப்பப்பையின் இரு பக்கமும் உள்ள கருக்குழாய்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் நீளம். உள்ளே இருக்கும் வழியோ, குறுகலான இடத்தில், ஒரு நூல் நுழையும் அளவுதான். பரவலாகச் செய்யப்படும் முறையில் குழாயின் நடுப்பகுதியை வளையமாகத் தூக்கி, அடியில் தானாகக் கரையும் நூலால் கட்டி, மேல்பகுதியை வெட்டி எடுத்துவிடுவோம். சில வாரங்களில் நூல் கரையும். வெட்டுப்பட்ட இரு முனைகளும் தனித்தனியே ஆறி, மூடிக்கொண்டு, ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடும். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் புண்ணை ஆற்றுவது உடலின் இயல்பு. அரிதாகச் சிலருக்கு அந்த முனைகள் மீண்டும் கூடி வழி திறந்துகொள்ளும். சிலருக்கு அடைபட்ட முனையிலேயே கண்ணுக்குத் தெரியாத துளை விழும். இதில் அந்தப் பெண் செய்த தவறு என்று எதுவுமே கிடையாது. பாரம் தூக்கியதால் தையல் விட்டுப்போனது என்று அவளைக் குறை சொல்வதும் வீண்பழி.

மருத்துவர் பக்கத்துப் பிழைகளும் உண்டு. அதை மறைக்க நான் இங்கே வரவில்லை. கருக்குழாய்க்கு அருகிலேயே கர்ப்பப்பையைத் தாங்கும் தசைநார் ஒன்று ஓடுகிறது. பழைய அறுவைகளால் உறுப்புகள் ஒட்டிக்கிடக்கும் வயிற்றில், அதைக் குழாய் என்று நினைத்துக் கட்டிவிட வாய்ப்பிருக்கிறது. விரல்கள் விரிந்ததுபோல் இருக்கும் குழாயின் கடைசி நுனி வரை கண்ணால் பார்த்துவிட்டே கட்ட வேண்டும் என்ற விதி அதற்காகத்தான். பிரசவம் ஆனவுடன் குழாய் தடித்து வீங்கியிருக்கும். அப்போது, வெட்டாமல் குழாயை நெரித்து அடைக்கப் போடும் கிளிப்போ வளையமோ முழுவதும் பிடிக்காமல் போகலாம். அறுவை நாளன்றே கரு உண்டாகியிருந்து, பரிசோதனையில் தெரியாமல் போவதும் உண்டு. மாதவிலக்கு முடிந்த சில நாட்களுக்குள் வரச் சொல்வதன் காரணம் இதுதான்.

அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 1996இல் வெளியானது. பத்து ஆண்டுகளில் ஆயிரத்துக்குச் சுமார் 18 பேருக்குக் கரு தங்கியிருந்தது. பிரசவத்தை ஒட்டிக் குழாயை வெட்டியவர்களில் அது ஏழெட்டுப் பேர். ஒரு வகை கிளிப் போட்டவர்களில் 36 பேர். இளம் வயதில் செய்துகொண்டவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

அந்தக் கர்ப்பங்களில் மூன்றில் ஒரு பங்கு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கியவை. நான் பயப்படுவது இதற்குத்தான். மறுபடி திறந்த அந்தச் சின்ன வழியில் விந்தணு நுழைந்துவிடும். அதைவிடப் பல மடங்கு பெரிய கருமுட்டையால் அந்த வழியே கர்ப்பப்பைக்கு வந்து சேர முடியாது. குழாயிலேயே தங்கி வளரும் கரு ஒரு கட்டத்தில் குழாயை வெடிக்கச் செய்யும். வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும். வெளியே சொட்டு இரத்தம்கூடத் தெரியாமல் இருக்கலாம்.

ஆகவே, ஆபரேஷன் முடிந்து எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், நாள் தள்ளிப்போனால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். கரு உறுதியானால் அது எங்கே தங்கியிருக்கிறது என்று உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, மாதவிலக்கு நாளில் வழக்கத்துக்கு மாறான இலேசான உதிரப்போக்கு, தலைசுற்றல், தோள்பட்டை நுனியில் வலி, இவற்றில் ஏதேனும் இருந்தால் பொழுது விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவமனைக்குள் நுழைந்ததும், "எனக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, ஆனால் நாள் தள்ளிப்போயிருக்கிறது" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.