ஐரோப்பிய அறிவியலின் கரண்ட் பில்

அனைவருக்கும் வணக்கம்.

இன்றைக்கு நான் பேசப்போவது பணத்தைப் பற்றி. துகள், மரபணு, விண்மீன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அவையும் இடையில் வரும். ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்து பயன்படுத்தும் தரவுத்தளங்கள், கணினி மையங்கள், ஆய்வு நெட்வொர்க்குகள் இருக்கின்றன. அவற்றை நடத்தும் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு முப்பது ஆண்டுகளாக அங்கே பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பாதிதான் கிடைத்திருக்கிறது.

1996-இலிருந்து தொடங்குகிறேன். அமோஸ் பைரோக் என்ற ஆய்வாளர் அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு, 1986-இல், ஜெனீவாவில் ஸ்விஸ்-ப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தைத் தொடங்கியிருந்தார். புரதங்களின் அமினோ அமில வரிசைகளைத் திரட்டி வைப்பது அதன் வேலை. வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அதனால் அங்கே இருந்தவர்கள் ஆய்வுக் கட்டுரைகளை உட்கார்ந்து படித்து, இந்தப் புரதம் செல்லில் எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது, கெட்டுப்போனால் என்ன நோய் வரும் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதிச் சேர்த்தார்கள். மனிதர்கள் கையால் செய்த வேலை அது. அதனால்தான் உலகம் முழுக்க அதை நம்பினார்கள். அதே காரணத்தால்தான் செலவும் அதிகம்.

1996 மே மாதம் பைரோக் குழு இணையத்தில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பணம் இல்லை, சில வாரங்களில் மூடப்போகிறோம் என்றது. உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆய்வாளர்கள் கடிதம் எழுதினார்கள், அறிவியல் இதழ்களில் செய்தி வந்தது. ஸ்விஸ் அரசு தற்காலிகமாகக் கொஞ்சம் பணம் கொடுத்தது. இந்தத் தரவுத்தளத்தைத் தாங்கிப்பிடிக்க 1998-இல் ஸ்விஸ் உயிர்த்தகவலியல் நிறுவனம் பிறந்தது. கல்லூரி ஆய்வாளர்களுக்கு இலவசம், கம்பெனிகள் உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்று சில ஆண்டுகள் சமாளித்தார்கள். கடைசியில் 2002-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் மானியம் வந்தது. ஸ்விஸ்-ப்ராட்டோடு இன்னும் இரண்டு தரவுத்தளங்களைச் சேர்த்து யூனிப்ராட் ஆக்கினார்கள், எல்லோருக்கும் மறுபடியும் இலவசமாயிற்று. நம் கல்லூரிகளில் பயோடெக் படிக்கும் பிள்ளைகள் புராஜெக்ட்டுக்காகத் திறக்கும் அதே யூனிப்ராட்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐரோப்பாவில் பிறந்து, ஐரோப்பியர் உழைப்பில் வளர்ந்த ஒரு பொதுச் சொத்தை மறுபடியும் எல்லோருக்கும் திறந்துவிடுவதற்கு அமெரிக்க வரிப்பணம் தேவைப்பட்டது. ஐரோப்பாவில் பணம் இல்லாமலா? இருந்தது. இந்த மாதிரிச் செலவுக்கு எந்தப் பைக்குள் கையை விடுவது என்பதுதான் தெரியவில்லை.

ஒரு தரவுத்தளத்தை நடத்துகிறவர் பணம் கேட்டுப் போனால் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஆராய்ச்சி மானியம் தருபவர், இதில் புதிய கண்டுபிடிப்பு என்ன இருக்கிறது, இது பராமரிப்புதானே என்பார். சொந்த நாட்டு அமைச்சகம், பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக்காரர்கள், எங்கள் மக்கள் வரிப்பணம் ஏன் போக வேண்டும் என்று கேட்கும். பிரஸ்ஸல்ஸுக்கு, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திடம் போனால், மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுங்கள், ஆனால் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும் என்பார்கள். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மூன்று நியாயமும் சேர்ந்தால் சர்வர் நின்றுவிடும்.

கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கொட்டும், தினசரி விளக்குக்கு எண்ணெய் வாங்கித் தர ஆளைத் தேட வேண்டும் என்று நம் பக்கம் சொல்வார்களே, அதே கதைதான்.

சரி, இந்தச் சிக்கலிலிருந்து தப்பியவர்கள் யார்? முதலில் சொல்ல வேண்டியது ஜெனீவா அருகே இருக்கும் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன். 1954-இல் நாடுகள் ஒப்பந்தம் போட்டு உருவாக்கிய அமைப்பு. ஒவ்வொரு உறுப்பு நாடும் தன் தேசிய வருமானத்துக்கு ஏற்ப ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். ஜெர்மனி சுமார் ஐந்தில் ஒரு பங்கு கட்டுகிறது. ஆட்சி மாறினாலும் கட்டித்தான் ஆக வேண்டும். இந்த நிலைத்தன்மை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஜெனோடோ நல்ல உதாரணம். 2013-இல் ஓப்பன்ஏர் என்ற ஐரோப்பியத் திட்டமும் செர்னும் சேர்ந்து தொடங்கிய தரவுக் களஞ்சியம் அது. எந்த நாட்டு ஆய்வாளரும் தன் தரவை அங்கே இலவசமாக ஏற்றி, மேற்கோள் காட்ட நிரந்தர எண் வாங்கிக்கொள்ளலாம், இந்த அரங்கில் இருப்பவர்கள் உட்பட. திட்ட மானியங்கள் வரும், போகும். செர்னின் கணினி மையத்தில் அந்தத் தரவு பாட்டுக்கு இருக்கிறது.

செர்னின் பெரிய துகள் மோதுவியிலிருந்து வரும் தரவுக்கு இன்னொரு ஏற்பாடு. அதை ஒரே இடத்தில் வைக்காமல், 40-க்கு மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 மையங்களில் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்த ஆண்டு இவ்வளவு வட்டு, இவ்வளவு கணிப்புத்திறன் தருகிறோம் என்று நாடுகள் உறுதி சொல்லும். தங்கள் மையத்தின் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். 2017-இலிருந்து செர்னின் இணை உறுப்பு நாடாக இருக்கும் இந்தியாவுக்கும் இந்த வலையில் மும்பையிலும் கொல்கத்தாவிலும் மையங்கள் உண்டு.

ஆய்வு நெட்வொர்க்கான ஜெயான்ட்டும் தப்பித்துவிட்டது. உள்நாட்டு இணைப்பை அந்தந்த நாட்டின் கல்வி நெட்வொர்க் பார்த்துக்கொள்கிறது, நாடுகளை இணைக்கும் முதுகெலும்புக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஒரு பங்கும் உறுப்பினர்கள் ஒரு பங்கும் போடுகிறார்கள். பங்கு பிரிப்பது எளிது, ஏனென்றால் கேபிள் எங்கே யாருடையது என்பது கண்ணுக்குத் தெரியும். தரவுக்கு அப்படி எல்லைக்கோடு கிடையாது.

எல்லாவற்றுக்கும் செர்ன் மாதிரி சர்வதேச ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அதற்காக 2009-இல் ஒன்றியம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எரிக் என்பார்கள். சில நாடுகள் சேர்ந்து ஓர் ஆய்வு உள்கட்டமைப்பைச் சட்டப்படி ஓர் அமைப்பாகப் பதிவு செய்யலாம், சந்தா வைத்துக்கொள்ளலாம், மதிப்புக்கூட்டு வரியிலும் சலுகை உண்டு. மொழித் தரவுக்கான கிளாரின் 2012-இலும் கலை, மானுடப்புலத் துறைகளுக்கான டாரியா 2014-இலும் இப்படி வந்தவை. நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன். ஆனால் சந்தாப் பணம் தலைமை அலுவலகத்துக்குத்தான் போதும். தரவை வைத்திருப்பதும் நிரல் எழுதுவதும் அந்தந்த நாட்டு மையங்களில் இருப்பவர்கள். அவர்களுடைய சம்பளம் மறுபடியும் உள்நாட்டு மானியத்தை நம்பித்தான் இருக்கிறது.

இப்போது ஐரோப்பியத் திறந்த அறிவியல் கிளவுடுக்கு வருவோம். ஆங்கிலச் சுருக்கம் ஈஓஎஸ்சி. ஐரோப்பாவில் சிதறிக் கிடக்கும் ஆய்வுத் தரவையும் கணினிச் சேவைகளையும் இணைத்து எல்லா ஆய்வாளருக்கும் திறக்கும் முயற்சி. 2016-இல் ஒன்றியத்தின் நிர்வாகக் கிளையான ஐரோப்பிய ஆணையம் அறிவித்தது. 2018 நவம்பரில் வியன்னாவில் தொடக்க விழா. 2020-இல் பிரஸ்ஸல்ஸில் சங்கமாகப் பதிவு. 2021-இல் கூட்டாண்மை ஒப்பந்தம்: ஒன்றியம் 49 கோடி யூரோ, மறுபக்கம் சங்க உறுப்பினர்கள் 50 கோடி யூரோ. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 50 கோடி ரொக்கம் இல்லை. ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையை, ஆட்களின் நேரத்தை, கருவிகளை யூரோவில் மதிப்பிட்டுக் கணக்கில் காட்டுவது. தப்பு என்று சொல்லவில்லை, அந்த உழைப்பு உண்மையானது. புதிய பணம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது.

இதன் வம்சாவளியைப் பாருங்கள், எல்லாமே பல நாட்டுக் கணினிகளையும் தரவையும் இணைக்கும் முயற்சிகள். 2001-இல் ஐரோப்பிய டேட்டாகிரிட். 2004-இல் ஈஜீ. 2010-இல் ஆம்ஸ்டர்டாமில் ஈஜிஐ. 2018-இல் ஈஓஎஸ்சி-ஹப். 2021-இல் ஈஓஎஸ்சி ஃபியூச்சர். ஒவ்வொன்றும் புதுமை என்று விண்ணப்பித்து வாங்கியது. பெயர்ப்பலகை மாறும், லோகோ மாறும், பல இடங்களில் ஆட்கள் அதே ஆட்கள். ஒரு திட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒப்பந்தம் தீர்ந்து நல்ல நிரலாளர் ஒருவர் வங்கி வேலைக்குப் போய்விடுவார். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் திட்டம் முடிந்தபின் எப்படி நிலைத்து நிற்போம் என்று ஓர் அத்தியாயம் எழுதவேண்டும். ஐரோப்பிய அறிவியலின் மிகச் சிறந்த கற்பனை இலக்கியம் அந்த அத்தியாயங்களில்தான் இருக்கிறது என்பது என் சொந்தக் கருத்து.

2024 அக்டோபரில் ஒரு நல்ல மாற்றம். கிளவுடின் சேவைகளை ஆய்வாளர் பயன்படுத்த, ஒன்றியத்தின் சொந்த முனையத்தைப் பெர்லினில் தொடங்கிவைத்தார்கள். இதற்கு மானியம் கொடுக்காமல் டெண்டர் விட்டு, சேவையாகவே விலைக்கு வாங்கினார்கள். ஆய்வாளர் உள்ளே போனால் ஒரு கணக்கும் கொஞ்சம் கிரெடிட்டும் கிடைக்கும். விலைக்கு வாங்கும்போது இன்ன தரம், இத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்று கேட்கலாம், மானியத்தில் அப்படிக் கேட்க முடியாது. சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு இந்தப் பத்தாண்டில் நடந்த மிக முக்கியமான நகர்வு இதுதான்.

சூப்பர் கம்ப்யூட்டர்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அங்கே பணத்துக்குக் குறைவில்லை. யூரோஎச்பிசி என்ற கூட்டு அமைப்புக்கு 2021 முதல் 2027 வரை சுமார் 700 கோடி யூரோ. பின்லாந்தின் கயானியில் பழைய காகித ஆலை வளாகத்தில் இருக்கும் லூமி, ஓடும் சூட்டில் ஊரின் வீடுகளையும் சூடாக்குகிறது. ஜெர்மனியின் யூலிஹில் இருக்கும் ஜூபிடரை 2025 செப்டம்பரில் திறந்தார்கள். 50 கோடி யூரோ செலவில் பாதி யூரோஎச்பிசி, மீதி பாதியை மத்திய அரசும் மாநில அரசும் பகிர்ந்துகொண்டன. பணம் போட்டவருக்குப் பங்குக்கு ஏற்பக் கணினி நேரம், ரிப்பன் வெட்ட அமைச்சர், போட்டோவுக்கு இயந்திரம், எல்லாம் இருக்கிறது. அந்த இயந்திரம் ஐந்தாறு ஆண்டுகளில் பழசாகிவிடும். அதில் உருவாகும் தரவு பல பத்தாண்டுகள் இருக்க வேண்டும். அதற்கு ரிப்பன் கிடையாது.

தரவு நீண்ட நாள் இருந்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு 2024 வேதியியல் நோபல் பரிசைக் காட்டலாம். புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருளுக்காக ஹஸ்ஸாபிஸுக்கும் ஜம்பருக்கும் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த மென்பொருள் கற்றுக்கொண்டது புரத வடிவத் தரவு வங்கியிலிருந்து. 1971-இல் அமெரிக்காவில் ஏழு வடிவங்களோடு தொடங்கிய வங்கி அது. ஐரோப்பாவில் அதன் கூட்டாளி, இங்கிலாந்தின் ஹிங்ஸ்டனில் உள்ள ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம். அரை நூற்றாண்டாக ஆய்வாளர்கள் தங்கள் முடிவுகளை அங்கே வைத்தார்கள், யாரோ சரிபார்த்தார்கள். 1980-களில் ஒரு வடிவத்தைச் சரிபார்த்தவரிடம் போய், இதனால் மூன்று ஆண்டுகளில் என்ன தாக்கம் என்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்?

இதற்கு என்ன செய்யலாம்? கிளவுடுக்காக ஆணையம் அமைத்த நிபுணர் குழு 2016-இலேயே சொன்னது, ஆராய்ச்சிச் செலவில் சராசரியாக 5 சதவீதத்தைத் தரவைப் பேணுவதற்கு ஒதுக்குங்கள் என்று. ஆணையத்துக்காகப் பின்னர் எழுதப்பட்ட ஓர் ஆய்வு, தரவு சரியாகக் கிடைக்காததால் ஐரோப்பாவுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 1,020 கோடி யூரோ இழப்பு என்று மதிப்பிட்டது. இந்த மாதிரி மதிப்பீடுகளில் ஊகம் நிறைய இருக்கும், பாதியாகக் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனி கொஞ்சம் காதில் வாங்கியது. தேசிய ஆய்வுத் தரவு உள்கட்டமைப்பு என்று ஒன்றை அமைத்து, மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து ஆண்டுக்கு 9 கோடி யூரோ வரை தருகின்றன. அதுவும் 2028 வரைக்கும்தான்.

5 சதவீதத்தை நான் ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. நிரந்தரப் பணம் கிடைத்தால் யாரும் பயன்படுத்தாத சேவையும் நிரந்தரமாகிவிடும். எனவே தேர்ந்தெடுக்க ஒரு வழி வேண்டும். உயிரியல் தரவுகளுக்கான எலிக்ஸிர் அமைப்பு 2017-இல் செய்தது அதைத்தான். எவையெல்லாம் இல்லாவிட்டால் துறையே தடுமாறும் என்று பார்த்து, ஒரு சிறு பட்டியலை ‘அடிப்படைத் தரவு வளங்கள்’ என்று அறிவித்து, அவ்வப்போது மறுபரிசீலனையும் செய்கிறது. மற்ற துறைகளும் இப்படிப் பட்டியல் போட வேண்டும். அப்புறம், பட்டியலில் இல்லாததை மூடவும் பணம் ஒதுக்க வேண்டும். மூடுவதற்கும் செலவு உண்டு, தரவை இன்னோர் இடத்துக்கு மாற்ற வேண்டுமல்லவா?

அவசரம் ஏன் என்றால், 1996-இன் கதை இப்போது திசை மாறியிருக்கிறது. 2025-இல் அமெரிக்காவில் ஹார்வர்டின் மானியங்கள் ரத்தானபோது, ஹார்வர்டு வழியாகப் பணம் வாங்கிவந்த, பழ ஈ ஆய்வாளர்களின் ஃப்ளைபேஸ் தரவுத்தளமும் அடிபட்டது. அதன் பணியில் ஒரு பகுதி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நடக்கிறது. பயன்படுத்தும் ஆய்வகங்களிடமே நிதி கேட்க வேண்டியதாயிற்று. யூனிப்ராட்டுக்கு இன்றும் அமெரிக்கப் பணம் வருகிறது. அது நின்றால் எந்தப் பைக்குள் கையை விடுவது என்று ஐரோப்பா மறுபடி தேட வேண்டியிருக்கும்.

2028 முதல் 2034 வரையிலான ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஆணையம் 17,500 கோடி யூரோ கேட்டிருக்கிறது. இப்போதைய ஹொரைசன் திட்டம் 9,550 கோடி. நாடுகளும் நாடாளுமன்றமும் பேசி அதை வெட்டுவார்கள், வழக்கம்தான். மொத்தத் தொகையைப் பார்த்து நான் மலைக்கப்போவதில்லை. உள்கட்டமைப்பு என்ற தலைப்பின் கீழ், புதிதாக எதையும் கட்டாமல் இருப்பதை நடத்துவதற்கு மட்டும் செலவு செய்யலாம் என்று எழுதியிருக்கிறார்களா, அப்படி எழுதியிருந்தால் எத்தனை ஆண்டுகளுக்கு என்றுதான் முதலில் தேடுவேன்.

இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.