77 பெரிசா, 99 பெரிசா? கால்சியம் குளோரைடு பற்றி நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். போன பதிவுக்குக் கீழே ஒரு நேயர் கேட்ட கேள்வி ரெண்டு நாளா மனசை விட்டுப் போகல. முதல்ல அதைப் படிச்சிடறேன். "கால்சியம் குளோரைடு வாங்கணும். ஒரு டப்பாவில் 'டைஹைட்ரேட், 99 சதவீதம்'னு இருக்கு. ஒரு மூட்டையில் 'செதில், 77 சதவீதம்'னு இருக்கு. மூட்டையில் மீதி 23 சதவீதம் அழுக்கா? என் செய்முறையில் நீரற்ற உப்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர்னு போட்டிருக்கு. எதை எவ்வளவு எடுக்கிறது?"

ரொம்ப நல்ல கேள்வி. ஏன்னா அந்த 77 சதவீத மூட்டையில்தான் கால்சியம் குளோரைடு கூடுதலா இருக்கு!

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) பத்திப் பேசினப்போ ஒண்ணு சொன்னேன், வழக்கமாப் பார்க்கிறவங்களுக்கு ஞாபகம் இருக்கும். சதவீதம்னு பார்த்தா உடனே கேளுங்க, எதோட சதவீதம்? 100 கிராம் நீல மயில்துத்தத்தில் 36 கிராம் தண்ணீர். கையில் எடுத்தா ஈரமே தெரியாது, படிகத்துக்குள்ளயே கட்டுண்டு கிடக்கு. இங்கேயும் அதே கதைதான். டைஹைட்ரேட்னா ஒரு கால்சியம் குளோரைடுக்கு ரெண்டு தண்ணீர் மூலக்கூறு. எடையில் 111 பங்கு உப்பு (அதாவது கால்சியம் குளோரைடு), 36 பங்கு தண்ணீர், ஆக 147. அப்போ சுத்தமான டைஹைட்ரேட் 100 கிராமில் நிஜ உப்பு 75.5 கிராம்தான்.

இப்போ டப்பாவைப் பாருங்க. அந்த 99 எதோட சதவீதம்? டைஹைட்ரேட்டோட சதவீதம். கணக்குப் போட்டா நிஜ உப்பு 74.7 கிராம். மூட்டையில் இருக்கிற 77 எதோட சதவீதம்? நேரடியா நீரற்ற கால்சியம் குளோரைடோட சதவீதம். மீதி 23-ல் பெரும்பகுதி தண்ணீர். கொஞ்சம் சோடியம் குளோரைடு, துளி சுண்ணாம்பு இருக்கும். 75.5-ஐத் தாண்டி 77 எப்படி வந்ததுன்னா, செதிலை உலர்த்தும்போது அந்த ரெண்டு மூலக்கூறிலயும் கொஞ்சம் போயிடுது, அவ்வளவுதான்.

அதுக்காக டப்பா மட்டம்னு அர்த்தம் இல்லை. அதில் இரும்பு, மக்னீசியம், கரையாத கசடெல்லாம் குறைவு. ஆய்வக வேலைக்கு அதுதான் சரி. புழுதி அடக்க, பனி உருக்க, குளிர்விக்கிற உப்புநீர் போட மூட்டை போதும். உணவுக்குன்னா ரெண்டையும் நம்பாதீங்க, 'உணவுத் தரம்'னு தனியா எழுதியிருக்கணும்.

கால்சியம் குளோரைடு எப்படித் தயாராகுதுங்கிறதையும் பார்த்துடுவோம். சால்வே முறையில் சோடா சாம்பல் (சோடியம் கார்பனேட்) தயாரிக்கும்போது இது உடன்விளைபொருளா வரும். ஒரு டன் சோடா சாம்பலுக்குக் கணக்குப்படி ஒரு டன்னுக்குச் சற்று மேலேயே. சுண்ணாம்புக்கல்லில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டும் தயாரிக்கிறாங்க, இயற்கை உப்புநீரில் இருந்தும் எடுக்கிறாங்க. எங்கே இருந்து வந்தாலும் பகுப்பாய்வுச் சான்றில் நாலு வரி பாருங்க: கால்சியம் குளோரைடு அளவு, சோடியம் குளோரைடு, காரத்தன்மை, கரையாதது. கரைசல் பால் மாதிரி கலங்கினா பெரும்பாலும் அந்தக் காரமும் கடின நீரில் இருக்கிற பைகார்பனேட்டும் சேர்ந்து பண்ற வேலை.

அளவுக்கு வருவோம். நீரற்றது 100 கிராமுக்குப் பதிலா டைஹைட்ரேட் 132.5 கிராம். 77 சதவீதச் செதில்னா 130 கிராம். 94 சதவீதக் குருணைன்னா 106 கிராம். டைஹைட்ரேட்டோட 32.5 கிராம் தண்ணீரும் கூடவே வருது, அதனால லிட்டர் தண்ணீரில் அந்த அளவைக் குறைச்சுக்குங்க. சூடும் மாறும். நீரற்றது 100 கிராமை ஒரு லிட்டரில் போட்டா ஏறத்தாழ 17, 18 டிகிரி ஏறும். டைஹைட்ரேட்டில் ஏறத்தாழ பாதிதான். ஆறு தண்ணீர் இருக்கிற ஹெக்ஸாஹைட்ரேட் கரையும்போது குளிர்ந்தே போகும்! எப்பவும் தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுக் கலக்குங்க. உப்பு மேல தண்ணீர் ஊத்தினா அடியில் பாறையாக் கெட்டியாகும், அந்த இடத்தில் கொதிச்சுத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

ஆனா நேயர் அடுத்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. மூட்டையைப் பிரிச்சு ஒரு மாசம் ஆச்சு, இப்பவும் அது 77 தானா? இல்லவே இல்லை. காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து முதல்ல செதில் ஒண்ணோடொண்ணு ஒட்டும், அப்புறம் பளபளன்னு வேர்க்கும், கடைசியில் தன் தண்ணீரிலேயே கரைஞ்சு அடியில் தேங்கும். அச்சிட்ட சதவீதம் அன்னைக்கு மூட்டையில் இருந்ததோட சதவீதம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு ஹைட்ரோமீட்டர், அதாவது திரவத்தில் மிதக்கவிட்டு அடர்த்தி அளக்கிற கருவி, போதும். மூட்டையைத் தோண்டி நாலு இடத்தில் எடுத்துக் கலந்து 100 கிராம் நிறுத்துக்குங்க. 200 கிராம் தண்ணீரில் கரைச்சு, 20 டிகிரிக்கு ஆற விடுங்க. சூட்டோட அளந்தா குறைச்சுக் காட்டும். 1.23 காட்டினா 25 சதவீதக் கரைசல், அதாவது 300 கிராமில் 75 கிராம் உப்பு, சரக்கு நல்லா இருக்கு. 1.18-க்கு இறங்கினா கரைசல் 20 சதவீதம், 100 கிராமில் 60 கிராம்தான் மிச்சம். சோடியம் குளோரைடும் அடர்த்தியைக் கூட்டும், அதனால இது சுத்தம் பார்க்கிற சோதனை இல்லை, ஈரம் எவ்வளவு ஏறிச்சுன்னு பார்க்கத்தான்.

அடியில் தேங்கின திரவத்தையும் கொட்டிடாதீங்க. இறுக்க மூடுற பிளாஸ்டிக் கேனில் வடிகட்டி வைங்க, இரும்பு டப்பான்னா அரிச்சிடும். அதையும் அளந்து பாருங்க. 1.40 காட்டினா ஏறத்தாழ 40 சதவீதம். அதில் 250 கிராம் எடுத்தா நீங்க கேட்ட 100 கிராம் உள்ளேயே இருக்கு. லிட்டரில் 150 கிராம் தண்ணீரைக் குறைச்சுட்டு அப்படியே ஊத்திக்கலாம்.