மக்கின்டோஷ் என்றால் கோட்டு மட்டுமா?

வணக்கம் நேயர்களே. மாரி தொடங்கிவிட்டது, மழைக்கோட்டு வாங்கத் திரிகிற நேரம், அதனால் இன்றைக்கு மக்கின்டோஷ் என்ற சொல்லைப் பற்றிக் கதைக்கலாம் என்று வந்திருக்கிறேன். லண்டனில் சொந்தக்காரர் இருக்கிற வீடுகளில் 'மக்' என்று காதில் விழுந்திருக்கும், அங்கே மழைக்குப் போடுகிற கோட்டு எதையும் அப்படிச் சொல்வார்கள். எங்களுக்கு அது றெயின்கோட்டுத்தான். இங்கே மக்கின்டோஷ் என்ற முழுப்பெயர் புழங்குவது ஆஸ்பத்திரியில். தாதிமாருக்கு அது கோட்டே இல்லை, மெத்தை நனையாமல் கட்டிலில் துணிக்குக் கீழே விரிக்கிற றப்பர் சீற்.

என்னைக் கேட்டால் தாதிமார் சொல்வதுதான் சரி. முதலில் வந்தது கோட்டு இல்லை, றப்பர் பூசிய துணிதான்.

சார்ள்ஸ் மக்கின்டோஷ் ஸ்கொட்லாந்துக்காரர், கிளாஸ்கோவில் இரசாயனத் தொழில் செய்தவர். நிலக்கரியில் இருந்து விளக்கெரிக்க வாயு எடுத்த பிறகு மிஞ்சுகிற தார் இருக்கிறதே, அதில் இருந்து வடித்த நாப்தா என்ற திரவத்தில் றப்பரைக் கரைத்து, அந்தக் கரைசலை இரண்டு துணிக்கு நடுவே பூசி ஒட்டினார், தண்ணீர் இறங்கவில்லை. 1823இல் காப்புரிமையும் எடுத்தார். (அவர் பெயரில் இல்லாத ஆங்கில 'கே' எழுத்தொன்று பிறகு கோட்டின் பெயரில் ஏறிக்கொண்டது, அது வேறு கதை.) ஆனால் அந்தத் துணியில் தைத்த கோட்டைப் போட்டவர்கள் பாவம். குளிருக்கு விறைக்கும், சூட்டுக்குப் பிசுபிசுக்கும், மணமோ சொல்லவே வேண்டாம். எங்கள் சித்திரை வெயிலில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! றப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்குகிற முறை 1840களில் தொழிலுக்கு வந்த பிறகுதான் அந்தத் தொல்லை அடங்கியது.

இன்னொரு சிக்கலும் அப்போதே இருந்தது. துணி எவ்வளவு திறமாக இருந்தாலும் தையற்காரர் ஊசியை ஏற்றினால் ஓட்டை விழும், அந்த ஓட்டையால் தண்ணீர் வரும். இன்றைக்கும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் கடல், மழை நேரே விழாமல் குறுக்கே அடிக்கும், முதலில் நனைவது தோள்மூட்டுத் தையலும் சிப் ஓடுகிற இடமும்தான். ஆகவே கடையில் நிறத்தைப் பார்க்காமல் கோட்டை உள்ளுக்குப் புரட்டிப் பாருங்கள். தையலுக்கு மேலே பட்டி ஒட்டியிருக்க வேண்டும், சிப்புக்கு மேலே மடிப்பொன்று மூடியிருக்க வேண்டும், இரண்டும் இல்லாவிட்டால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

சரி, உள்ளே வியர்க்கிறதே என்று கேட்பீர்கள். தண்ணீரை உள்ளே விடாத துணி பெரும்பாலும் வியர்வை ஆவியையும் வெளியே விடாதுதானே. யூரியாப் பையின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தோட்டத்தில் நிற்கிறவருக்கு இந்தக் கரைச்சல் இல்லை, முன்பக்கம் முழுக்கத் திறந்துதானே கிடக்கிறது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடமுடியாது. ஓடுகிறவர்கள் அக்குளுக்குக் கீழே காற்றுத் துளை வைத்ததாகப் பார்த்து, ஒரு அளவு பெரிதாக எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரத்தோடு சுருட்டி மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் திணிக்காமல், நிழலில் உள்பக்கம் வெளியே தெரியக் கொழுவிவிடுங்கள்.