ஒரே தீர்ப்பு, மூன்று பேருக்கு மட்டும் தண்டனை

நேயர்களுக்கு வணக்கம். நீதிபதிக்கு ஓட்டுப் போடுவது நமக்குப் பழக்கமில்லாத சங்கதி. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அது உண்டு.

அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் 7 நீதிபதிகள். இடம் காலியானால் நியமனக் குழு 3 பெயர்களை அனுப்பும். ஆளுநர் 30 நாளுக்குள் ஒருவரை எடுக்க வேண்டும். (அங்கே ஆளுநர் மக்கள் தேர்ந்தெடுத்தவர், நம் முதலமைச்சர் மாதிரி.) பதவியேற்று ஓராண்டாவது ஆனபின் வரும் பொதுத்தேர்தலில் ஓட்டுச்சீட்டில் ஒரு கேள்வி இருக்கும்: இவர் நீடிக்கலாமா? எதிர்வேட்பாளர் இல்லை, கட்சிப் பெயர் இல்லை. 'ஆம்' அதிகமானால் 8 ஆண்டு.

பலர் அந்தக் கட்டத்தைத் தொடாமலே சீட்டைப் போட்டுவிடுவார்கள். தொடாத சீட்டு கணக்கில் சேராது. ஆகவே, கோபத்தோடு வந்து 'இல்லை' குத்துகிறவர் ஓட்டுக்கு எடை கூடிவிடும். இந்த ஏற்பாட்டின் கோளாறு இங்கேதான்.

2009 ஏப்ரல் 3 அன்று, வார்னம் எதிர் பிரையன் வழக்கில், ஒருபாலினத் திருமணத் தடை மாநில அரசியலமைப்புக்கு விரோதம் என்று 7 பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள். எழுதியவர் மார்க் கேடி. 2010 நவம்பரில் மூன்று பேருக்குத்தான் முறை வந்தது: தலைமை நீதிபதி மார்ஷா டெர்னஸ், மைக்கேல் ஸ்ட்ரைட், டேவிட் பேக்கர். எதிர்ப் பிரசாரத்துக்கு வெளிமாநிலப் பணம் வந்து இறங்கியது. மூவரும் நன்கொடை திரட்டவில்லை, பிரசாரக் குழுவும் வைக்கவில்லை. சுமார் 54 முதல் 55 சதவீதம் 'இல்லை', மூவரும் வெளியே. 1962இல் இந்த ஓட்டு ஏற்பாடு வந்தபின் உச்ச நீதிமன்றத்தில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. தீர்ப்பை எழுதிய கேடிக்கு அந்த ஆண்டு முறையே வரவில்லை. 2011இல் தலைமை நீதிபதியானார், 2016இல் ஓட்டிலும் தேறினார். குற்றம் ஒன்றுதான், தண்டனையை முடிவு செய்தது காலண்டர்.

தீர்ப்பு அசையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரசியலமைப்பைத் திருத்த அங்கே அடுத்தடுத்த இரண்டு சட்டமன்றங்களும், பிறகு மக்களும் ஒப்ப வேண்டும். அது நடக்கவில்லை.

என் கணக்கில் பெரிய அடி 2019இல், சத்தமில்லாமல் விழுந்தது. அதுவரை நியமனக் குழுவில் ஆளுநர் நியமித்தவர் 8, வழக்கறிஞர்கள் தேர்ந்தெடுத்தவர் 8, தலைவராக ஒரு மூத்த நீதிபதி. புதுச் சட்டம் அந்த நீதிபதியை எடுத்துவிட்டு, அவர் இடத்தை ஆளுநருக்குக் கொடுத்தது. 9க்கு 8. யாரையும் வீட்டுக்கு அனுப்பத் தேவையில்லை; இனி உள்ளே வருகிறவர் யார் என்பதை ஆளுநர் தரப்பே தீர்மானிக்கலாம். கருக்கலைப்பை அடிப்படை உரிமை என்று 2018இல் சொன்ன அந்த நீதிமன்றம், ஆட்கள் மாறியபின் 2022இல் தன் தீர்ப்பைத் தானே ரத்து செய்தது.