பழைய அவுட்போர்டு மோட்டாருக்கு மறுவாழ்வு

நேயர்களுக்கு வணக்கம்.

படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் ஒன்று, பல வருஷம் மூலையில் கிடந்தது, கைக்கு வந்ததும் பலரும் பெட்ரோலை ஊற்றிக் கயிற்றை இழுத்துப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் ரப்பர் காய்ந்திருந்தால், எஞ்சின் ஓட ஆரம்பித்த சில நிமிடத்திலேயே சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நான் இன்று பேசுவது, பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டும் சிறிய டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களைப் பற்றி.

முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எஞ்சின் மேலே இருக்கும் கனமான சக்கரமான ஃபிளைவீலைக் கடிகார முள் சுற்றும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். திருப்பிச் சுற்றினால் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரின் இதழ்கள் எதிர்ப்பக்கம் மடங்கி முறியக்கூடும். அசையவே இல்லை என்றால் பிளக் துளை வழியாகத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். சுத்தியலுக்கு இங்கே வேலையே இல்லை. சுற்ற ஆரம்பித்ததும் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கும் இடையில் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் ரிங் அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதைத் தீர்க்காமல் வேறு எதற்கும் காசு போடாதீர்கள்.

அடுத்தது கியர் ஆயில். ப்ரொப்பெல்லர் மாட்டியிருக்கும் கியர் பெட்டியின் கீழ்த் திருகைக் கழற்றும்போது முதலில் வடிவதைக் கவனியுங்கள். தண்ணீர் கனமானது என்பதால் அடியில் தங்கி முதலில் வரும். ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால், தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் ஒழுகுகிறது. பெரும்பாலும் தூண்டில் நரம்பு ப்ரொப்பெல்லர் தண்டில் சுற்றி சீலை அறுத்திருக்கும். புது ஆயிலை மேலிருந்து ஊற்றாதீர்கள், காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். கீழ்த் துளை வழியாகப் பம்ப் செய்து, மேல் துளையில் குமிழி இல்லாமல் வழிந்த பிறகு மேலே மூடி, அப்புறம் கீழே மூடுங்கள். இரண்டு வாஷரும் புதிதாக இருக்கட்டும்.

பொறுமையைச் சோதிப்பது இம்பெல்லர் மாற்றும் வேலை. அதற்குக் கீழ்ப்பகுதியை இறக்க வேண்டும். ஸ்டீல் போல்ட்டும் அலுமினியமும் உப்புநீரில் ஒன்றோடொன்று பிடித்திருக்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் போல்ட் தலை கையோடு வந்துவிடும். பெட்ரோலை அப்புறப்படுத்திவிட்டு, போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். ஸ்டீலைவிட அலுமினியம் அதிகம் விரிவதால் பிடி தளரும். பழைய இம்பெல்லரில் இதழ் உடைந்திருந்தால், அந்தத் துண்டைக் கண்டுபிடிக்காமல் விடாதீர்கள். அது மேலே போய்த் தண்ணீர்ப் பாதையை அடைத்துக்கொண்டிருக்கும். புதியதைப் பொருத்தும்போது கொஞ்சம் கிரீஸ் தடவி, தண்டைக் கடிகாரத் திசையில் சுற்றிக்கொண்டே மூடியை அழுத்தினால் இதழ்கள் தானாகச் சரியான பக்கம் மடங்கும்.

கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாக ஒட்டியிருக்கும். பெட்ரோல் வரும் ஜெட் என்ற நுண்ணிய துளையைக் கம்பியால் குத்தாதீர்கள். துளை பெரிதானால் பெட்ரோல் அளவே மாறிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். விறைத்துப்போன பெட்ரோல் குழாய்களையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

ஆயில் கலவை மாடலுக்கு மாடல் வேறுபடும். 50:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். இன்னும் பழைய சில மாடல்கள் 24:1 கேட்கும், அதாவது சுமார் 42 மில்லி. டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று போட்ட படகு மோட்டார் ஆயிலையே வாங்குங்கள். மோட்டார் சைக்கிள் ஆயில் காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது.

இப்போதுதான் கயிற்றில் கை வைக்க வேண்டும். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரைத் திறந்தவெளியில் டிரம்மில் மாட்டுங்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு இருப்பதால் மூடிய கொட்டகை கூடவே கூடாது. ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு முழுசாகத் தண்ணீரில் முங்கியிருக்கட்டும். எஞ்சின் ஓடியதும் பின்பக்கத் துளையில் தண்ணீர் பீச்ச வேண்டும். அந்தத் துளை இல்லாத பழைய மாடல்களில் புகைத் துளை வழியாக நீர்த்துளிகள் தெறிக்கும். அரை நிமிடத்துக்குள் எதுவும் வராவிட்டால் உடனே நிறுத்திவிட்டு மறுபடி பம்பைப் பிரியுங்கள்.