அரை எப்படி 12 ஆனது?

வணக்கம். முதலில் திரையைப் பாருங்கள். அரை என்ற பின்னத்தை மேத்எம்எல் டேக்குகளில், அதாவது வலைப்பக்கத்தில் கணிதத்தை எழுத உதவும் குறியீடுகளில், எழுதியிருக்கிறேன். மேலே ஒன்று, நடுவில் கோடு, கீழே இரண்டு. சரி, இதே பக்கத்தைப் பழைய குரோம் ஒன்றில் திறக்கிறேன். 12 என்று வருகிறது. பன்னிரண்டு!

தனக்குத் தெரியாத டேக்கை பிரவுசர் ஒதுக்கிவிட்டு, உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் காட்டும். வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் வழக்கமே அதுதான். பல இடங்களில் அது நம்மைக் காப்பாற்றியிருக்கிறது. தேதி கேட்கும் இன்புட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆதரவில்லாத பிரவுசரில் அது சாதாரண டெக்ஸ்ட் பாக்ஸாக நிற்கும், தேதியைக் கையால் தட்டிக்கொள்ளலாம். அதனால் எல்லா பிரவுசரும் வந்து சேரும்வரை யாரும் காத்திருக்கத் தேவைப்படவில்லை. பின்னத்துக்கு அந்த வசதி இல்லை. கணக்கே தப்பாகிவிடுகிறது.

மேத்எம்எல் 1998-லேயே, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரை ஆகிவிட்டது. ஃபயர்பாக்ஸ் முதல் பதிப்பிலிருந்தே அதைக் காட்டியது, சஃபாரியும் பின்னால் வந்து சேர்ந்தது. குரோம் 2013-இல் 24-ஆவது பதிப்பில் சேர்த்துவிட்டு, அடுத்த பதிப்பிலேயே எடுத்துவிட்டது. பாதுகாப்புச் சிக்கல்தான் முக்கியக் காரணம். மறுபடி வந்தது 2023 ஜனவரியில், 109-ஆவது பதிப்பில். அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்தது இகாலியா என்ற நிறுவனம். அவர்களுக்கு நாம் நிறையக் கடன்பட்டிருக்கிறோம்.

"மேத்எம்எல்லை யாரும் விரும்பவில்லை, அதனால் பரவவில்லை" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பார்ப்பவர்களில் பெரும்பாலோர் குரோமில் இருக்கும்போது, அரையைப் பன்னிரண்டாகக் காட்டும் டேக்கை எந்த ஆசிரியர் எழுதுவார்? சமன்பாட்டை எந்த பிரவுசரிலும் சரியாகக் காட்ட உதவும் மேத்ஜாக்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் பலருக்குக் கைகொடுத்தது. மற்றவர்கள் சமன்பாட்டைப் படமாகப் போட்டார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், அதுவும் படத்தில் இருப்பதைச் சொல்லும் மாற்று உரை எழுதாமல். அந்தப் பாடங்களை, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடரில் கேட்டவர்களுக்குச் சமன்பாடு வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே கிடைத்திருக்காது. அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

இப்போது அந்தப் பழைய பக்கங்களை ஒவ்வொன்றாக மேத்எம்எல்லுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வீடியோவில் ஒரு முழுப் பக்கத்தை உங்கள் முன்னாலேயே மாற்றிக்காட்டுகிறேன். அப்புறம் அதை ஸ்க்ரீன் ரீடரில் சேர்ந்தே கேட்போம்.